லம்ப்ரெட்டா இன்ஜினைத் தூக்கிக் கொடுத்து ஏமாந்தேன்

வீட்டில் பழைய லம்ப்ரெட்டா ஸ்கூட்டரோ வெஸ்பாவோ கிடந்து, அதை ஓட வைக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் இன்ஜினை வெளியாளிடம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 74,500 ரூபாய். பணம் போனால் போகட்டும். ஐயாவின் இன்ஜினும் போய்விட்டது.

எங்கள் ஐயா மலாயாவில் ஈப்போவுக்குக் கொண்டு விற்க, அதாவது வியாபாரத்துக்கு, போயிருந்தபோது 1960இல் வாங்கிய வண்டி அது. இத்தாலியில் செய்த லம்ப்ரெட்டா எல்.ஐ. 150, இரண்டாம் சீரிஸ். ஹேண்டில்பாரைத் திருப்பினால் ஹெட்லைட்டும் கூடவே திரும்புமே, அந்த மாடல். ஊர் திரும்பும்போது ரஜூலா கப்பலில் ஏற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கி, பள்ளத்தூர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு அதைத் தொட ஆள் இல்லை. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் அண்டா குண்டான்களுக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்தி முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

போன வருஷம் நானே பிரிக்க ஆரம்பித்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் ஆத்தா விடமாட்டார் என்பதால் பழைய ஜமுக்காளம், அதன் மேல் தார்ப்பாய், அதற்கு மேல்தான் வண்டி. பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்திருந்தது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி நான்கு நாள் ஊறவிட்டேன், அசையவில்லை. அந்த நேரத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன். இன்ஜின் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்தேன். சின்னப் பிள்ளையில் காலணாவை வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான்.

போரிங் (சிலிண்டரைக் கடைவது), பியரிங் மாற்றுவது, ஃப்ளைவீல் காந்தத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது எல்லாம் வீட்டில் ஆகிற வேலை இல்லை. பழைய ஸ்கூட்டர்களைப் புதுசாக்கித் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் வெளியூர்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். வழக்கு நடப்பதால் பெயரோ ஊரோ சொல்லவில்லை. வீட்டுக்கே வந்தார். வண்டியைப் பார்த்ததைவிட ஃப்ளைவீலைத்தான் அதிக நேரம் பார்த்தார். அதில் டுகாட்டி என்று பொறித்திருக்கும். இப்போது பைக்குக்குப் பேர்போன அதே டுகாட்டி பெயர்தான், லம்ப்ரெட்டாவுக்கு மேக்னெட்டோ, அதாவது பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி, செய்து கொடுத்தவர்கள். கார்புரேட்டர் டெல்லோர்டோ, அதுவும் இத்தாலிக் கம்பெனி. "அண்ணே, இத்தாலிப் பொருள் இத்தாலிப் பொருளாவே திரும்பி வரும், கவலையே படாதீங்க" என்றார். அவர் பார்த்த பார்வையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பழைய வீடுகளின் தேக்குத் தூணையும் நிலையையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரன் நான்.

இன்ஜின் வேலைக்கு 38,000. தகர வேலையும் பெயிண்டும் 22,000. "ஒரிஜினல் பார்ட்ஸ்" என்று இத்தாலிக் கொடி போட்ட அட்டைப் பெட்டிகளுக்கு 14,500. எல்லாம் ஜிபே. பில் கேட்டால் "வேலை முடியட்டும்ணே" என்பார்.

ஐந்து மாதம் கழித்து எல்லாம் வந்து சேர்ந்தன. நானே பூட்டினேன். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. பிள்ளையார்பட்டிக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு வந்தோம். ஆத்தா கண் கலங்கினார். அன்றைக்கு அந்த ஸ்கூட்டர்காரரைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகவே சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை.

புது போரிங் என்பதால் 300 கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்றலாம் என்று வண்டியைச் சாய்த்துப் படுத்தேன். ஐயா ஒருமுறை குன்றக்குடிச் சாலையில் கல்லில் ஏற்றி, இன்ஜினின் வெளிக்கூடான கேஸின் அடிப்பக்கம் விரிசல் விட்டு, அதை அலுமினிய வெல்டிங் வைத்து அடைத்திருந்தார். ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் புளியங்கொட்டை அளவுக்குப் புடைப்பு இருக்கும். பிரித்தபோது என் கைக்குப் பழகிய இடம். அன்றைக்குத் தடவிப் பார்க்கிறேன், வழுவழு என்றிருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த தாளை எடுத்துவந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நம்பர் அதேதான். எழுத்து அது இல்லை. தாளில் இருந்த 8க்கு மேல்வளையம் சின்னது, கீழ்வளையம் பெரியது. கேஸில் இருந்த 8க்கு இரண்டும் ஒரே அளவு. கடைசி இரண்டு இலக்கங்கள் வரிசையை விட்டு மேலே ஏறி நின்றன. சுற்றிலும் அரம் வைத்து ராவிய கோடுகள். வேறொரு கேஸில் பழைய நம்பரைத் தேய்த்து எடுத்துவிட்டு எங்கள் நம்பரை அடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விடிந்தது. ஃப்ளைவீலில் பெயரே இல்லை. கார்புரேட்டர் நம் நாட்டு ஸ்பாகோ. பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை முன் தகரத்தில் ஓட்டினேன், கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டாமல் நழுவி விழுந்தது. துருப்பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டு வைப்பதாகப் பேச்சு. வைத்திருப்பது விரல் கனத்துக்குக் காந்தம் ஒட்டாத பட்டிப் பசை.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்றால், மிலானில் இன்னொசென்டி கம்பெனி லம்ப்ரெட்டா தயாரிப்பை 1971இல் நிறுத்திவிட்டது. அந்த எந்திரங்களை வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா கம்பெனி விஜய் சூப்பர் என்ற ஸ்கூட்டரைச் செய்தது. அதற்கு முன்பே பம்பாயில் ஏ.பி.ஐ. என்ற கம்பெனி லம்ப்ரெட்டா செய்துகொண்டிருந்தது. அதனால் நம் நாட்டு உருப்படிகள் பல இத்தாலி வண்டியில் அப்படியே உட்காரும், வண்டியும் ஓடும். ஓட்டுகிறவனுக்குச் சந்தேகமே வராது. லக்னோ இன்ஜினைக் குறை சொல்லவில்லை, விஜய் சூப்பரில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதைப் போடுகிறேன் என்று சொல்லி, அந்த விலை வாங்கியிருந்தால் பேச்சே இல்லை.

போன் செய்தேன். "பழைய கேஸ் விரிசல்ணே, அதான் மாத்துனேன்." சரி, விரிசல் கேஸைக் கொடுங்கள் என்றேன். "ஸ்க்ராப்ல போட்டாச்சு." நம்பரை யார் அடித்தது என்று கேட்டதும் லைன் கட். மறுநாள் பிளாக்.

நம்பர் விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021இல் தனி விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் வி.ஏ. எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும், பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. நான் அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அடித்த நம்பரோடு ஆர்.டி.ஓ. முன்னால் போய் நின்றால் திருடன் நான்தான்.

போலீஸில் மனு கொடுத்திருக்கிறேன். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் போட்டாயிற்று. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத குறையை ஜிபே ரசீதும், "இத்தாலிப் பொருளாவே" என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும், அந்தப் பென்சில் தாளும் ஈடுகட்டும் என்கிறார் வக்கீல். கொடுக்கும் முன் கேஸின் உள்பக்கத்தையும் ஃப்ளைவீலையும் போட்டோ எடுத்து, இன்னின்ன உருப்படி வாங்கிக்கொண்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. கூச்சப்பட்டுவிட்டேன்.

எங்காவது எல்.ஐ. 150 இன்ஜின் விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து அடியில் கைவிட்டுப் பாருங்கள். ஆயில் போல்ட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் புளியங்கொட்டை அளவுக்குப் புடைப்பு தட்டுப்பட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.