விபிஎன்-இல் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லையா? பில் கட்டுவதற்கு முன் ரவுட்டரில் 445-ஐப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி பக்கம் ஆபீஸ் சர்வரை விபிஎன் (இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான பாதை) வழியாக வெளியிலிருந்து பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்.

கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்கூழ் ஆபீஸில் நடந்தது இது. தர்மபுரியில் வீட்டிலிருந்து கணக்கு பார்ப்பவருக்கு விபிஎன் கனெக்ட் ஆகிறது, ஆனால் ஷேர் ஃபோல்டரைத் தொட்டால் "நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை" என்று வருகிறது. சர்வீஸ் ஆள் வந்தார். "சர்வர் கான்ஃபிகரேஷன்" என்று 9,500 ரூபாய் பில் போட்டார். "இனி விபிஎன்னே தேவையில்லை சார், நேரா திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திறக்கவும் செய்தது.

யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் பணத்தைக் கொடுக்காமல் ரவுட்டரைத் திறந்து பாருங்கள். எங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் செட்டிங்) பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: பெயர் "டேலி", வெளி போர்ட் 445, உள் போர்ட் 445, ஐபி 192.168.1.10. சர்வரின் ஃபைல் ஷேரிங் கதவை இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து வைத்திருக்கிறார். சர்வரில் ஃபயர்வால் முழுக்க ஆஃப். எஸ்எம்பி1, அதாவது விண்டோஸ் ஃபைல் ஷேரிங் முறையின் பழைய பதிப்பு, ஆன். ஷேரில் "எவ்ரிஒன்" பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல். ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக் முழுக்க 4625, அதாவது தவறான பாஸ்வேர்டு முயற்சிகள். எல்லாம் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஐபிகளிலிருந்து, ராத்திரி முழுவதும்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரியாதவர்களுக்கு: 2017 மே மாதம் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, இதே எஸ்எம்பி1 ஓட்டை வழியாக, இதே 445 போர்ட்டில்தான் பரவியது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கான பேட்சை அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. பேட்ச் போட்ட சர்வராக இருந்தாலும், 445-ஐ இன்டர்நெட்டுக்குத் திறக்க எந்தக் காரணமும் கிடையாது. பாஸ்வேர்டு ஒன்று பலவீனமாக இருந்தால் அதுவே போதும்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? விபிஎன் வழியாக வருகிறவர்களுக்கு ரவுட்டர் 10.8.0 வரிசையில் ஐபி கொடுக்கிறது. அவர் ஆஃப் செய்வதற்கு முன், சர்வரின் விண்டோஸ் ஃபயர்வாலில் எஸ்எம்பி ரூல் "லோக்கல் சப்நெட்", அதாவது ஆபீஸ் ஐபி வரிசையில் இருக்கும் ஆட்களை மட்டும் அனுமதித்தது. 10.8 அந்த சப்நெட் கிடையாது, அதனால் வாசலிலேயே நிறுத்திவிட்டது. சரிசெய்ய: ஃபயர்வால் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், இன்பவுண்ட் ரூல்ஸ், "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங், எஸ்எம்பி-இன்", ஸ்கோப் டாப். ரிமோட் ஐபியில் லோக்கல் சப்நெட்டை அப்படியே வைத்துக்கொண்டு 10.8.0.0/24 (உங்கள் விபிஎன் வரிசை எதுவோ அது) என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான், இரண்டு நிமிஷ வேலை.

ஆள் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கலாம். விபிஎன் கனெக்ட் ஆன லேப்டாப்பில் ரன் பெட்டியைத் திறந்து, சர்வர் பெயருக்குப் பதில் ஐபியையும் ஷேர் பெயரையும் போடுங்கள். ஐபி-யில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பெயர்ப் பிரச்சினை மட்டும்தான். ஆபீஸுக்குள் பிராட்காஸ்ட் மூலம் தெரியும் பெயர் விபிஎன்-ஐத் தாண்டி வராது. லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதி வைக்கும் ஃபைல்) சர்வருக்கு ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

ஐபி-யிலும் வரவில்லையா? பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையைச் சர்வர் ஐபியும் மைனஸ் போர்ட் 445-உம் கொடுத்து ஓட்டுங்கள். "டிசிபி டெஸ்ட் சக்சீடட்" வரியில் ஃபால்ஸ் வந்து, பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் போகிறது என்றால் மேலே சொன்ன ஃபயர்வால்தான். ட்ரூ வந்தும் திறக்கவில்லை என்றால் அது பாஸ்வேர்டு, பெர்மிஷன் பக்கம். எரர் 5 என்றால் அனுமதி இல்லை. 1219 என்றால் அதே சர்வருக்கு வேறு யூசர் பெயரில் ஏற்கெனவே ஒரு கனெக்‌ஷன் இருக்கிறது, பழைய டிரைவ் மேப்பிங்கை எடுத்துவிட்டு கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்தச் சர்வருக்குச் சேமித்த பாஸ்வேர்டையும் அழியுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 போட்ட பிறகு பழைய நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி) திறக்கவில்லை என்றால், பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேராக இருக்கலாம். கெஸ்டைத் திரும்ப ஆன் செய்யாமல் யூசர் உருவாக்குங்கள்.

பிங்கே போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஐபி மோதல். ஆபீஸிலும் 192.168.1, வீட்டு மோடத்திலும் 192.168.1 என்றால், லேப்டாப் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும், விபிஎன் பக்கம் போகவே போகாது. பல மோடம்கள் இந்த வரிசையோடுதான் வருகின்றன, அதனால் இது அடிக்கடி வரும் கோளாறு. ஒவ்வொருவர் வீட்டு மோடத்தையும் மாற்றிக்கொண்டிருக்காமல், ஆபீஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை 192.168.77 போல யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றிவிடுங்கள். பிரிண்டர், கேமரா பெட்டிகளின் ஐபியையும் சேர்த்து மாற்ற மறக்க வேண்டாம்.

சின்ன ஃபைல் திறந்து, பெரிய எக்செல் பாதியில் நின்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு. விபிஎன் வழியாகச் சர்வர் ஐபிக்குப் பிங் கட்டளையில் மைனஸ் எஃப், மைனஸ் எல் 1372 கொடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகிற எண்ணோடு 28 கூட்டினால் வருவதுதான் விபிஎன்-இல் வைக்க வேண்டிய எம்டியூ. டேலி டேட்டாவை மட்டும் விபிஎன் ஷேரில் நேரடியாகத் திறக்காதீர்கள். லைன் நடுவில் அறுந்தால் டேட்டா கெடும். விபிஎன் போட்டு, அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்யுங்கள்.

ஏற்கெனவே இப்படி யாராவது "சரிசெய்து" கொடுத்திருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டியவை: ரவுட்டரில் 445-உம், ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-உம் ஃபார்வர்ட் ஆகியிருந்தால் அந்த வரிகளை நீக்குங்கள். வெளியிலிருந்து சோதித்தால் மூடியிருப்பதாகக் காட்டலாம், சில இன்டர்நெட் கம்பெனிகள் 445-ஐ அவர்களே தடுக்கிறார்கள். அதை நம்பி வரியை விட்டுவைக்க வேண்டாம். ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள், விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி1 டிக்கை எடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பில் தெரியாத பெயர் இருந்தால் முடக்குங்கள். எங்கள் சர்வரில் "சப்போர்ட்" என்று ஒன்று இருந்தது. லாக்கில் 4624, அதாவது உள்ளே நுழைந்த பதிவு, வெளி ஐபியிலிருந்து ஒன்று இருந்தாலும் சர்வரை நெட்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ரவுட்டர் பாஸ்வேர்டு, சர்வர் பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றி, பேக்கப் டிஸ்க்கைக் கேபிளிலிருந்து கழற்றி வையுங்கள்.

அடுத்த முறை ஆள் வரும்போது வேலைக்கு முன்னும் பின்னும் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை போனில் படம் எடுங்கள். எந்த செட்டிங் மாற்றினார் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.