இடது கை எழுத்துக்கு ஃபவுண்டன் பேனா: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

இடது கைக்காரர் ஒருவர் ஃபவுண்டன் பேனா வாங்க விசாரித்தால், "இடது கை நிப் கிடைக்கிறதா பாருங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கவனிக்க வேண்டியது, எழுதும்போது கை வரிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. சிலருக்குக் கை வரிக்குக் கீழே இருக்கும். சிலர் மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து வரிக்கு மேலிருந்து எழுதுவார்கள். இன்னும் சிலருக்குக் கை வரியின் மேலேயே நகரும். மூன்றுக்கும் ஒரே பேனா, ஒரே மை பொருந்தாது.

தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம் போகும் எழுத்துகள். வலது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகிறது. இடது கை தள்ளிக்கொண்டு போகிறது. தள்ளும்போது நிப்பின் முனை தாளின் இழைகளை எதிர்த்துக் குத்துகிறது, மை சீராக இறங்காமல் கோடு விட்டு விட்டு விழுகிறது. (வலமிருந்து இடம் போகும் உருதுவில் இந்தச் சிக்கல் வலது கைக்காரர் பக்கம் போய்விடும்.) ஆகவே மை கொஞ்சம் தாராளமாக வரும் நிப் தேவைப்படுகிறது. ஆனால் தாராளமாக வந்த மை காயத் தாமதமாகும். அதற்குள் கை அதன் மேல் ஏறி ஈஷிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் பேனா தேர்வு. கோடு மெல்லியதாக இருக்க வேண்டும், மை ஓட்டம் தடைபடக் கூடாது.

எதையும் வாங்குவதற்கு முன் தாளைத் திருப்பிப் பாருங்கள். வரிக்குக் கீழே கை வைப்பவர்கள் தாளைக் கடிகார முள் திசையில் 30 முதல் 45 டிகிரி சாய்த்தால், தாளின் இடது மேல்மூலை உயர்ந்து, வரி உடம்பை நோக்கி இறங்கும். தள்ளல் பெருமளவு இழுப்பாக மாறும், கையும் ஈரமான எழுத்தை விட்டு விலகும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் புகார்கள் அடங்கிவிடும். கொக்கிப் பிடிக்காரர்களுக்கு நிலைமை வேறு. கீழ்நோக்கிய கோடுகள்கூட அவர்களுக்குத் தள்ளலாகவே அமைகின்றன. அப்போது எழுதிய வரி தப்பினாலும் அதற்கு மேலே உள்ள வரிகள் கைக்கு அடியில் சிக்கும். வரியின் மேலேயே கை நகர்பவர்களுக்குத்தான் சோதனை அதிகம். அவர்கள் நிப்பை விட மைக்கே கூடுதல் கவனம் தர வேண்டும்.

நிப் அளவில் ஃபைன் பாதுகாப்பான தொடக்கம். ஜப்பானிய நிறுவனங்களின் ஃபைன், ஐரோப்பிய ஃபைனை விட மெல்லியது. பைலட் ககுனோ ஃபைன், பிளாட்டினம் பிரெப்பி 03 இரண்டிலும் கோடு மெல்லியதாக விழுவதால் மை சீக்கிரம் காய்ந்துவிடும். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளும் அடைபடாது. அதற்காக இன்னும் மெல்லிய எக்ஸ்ட்ரா ஃபைனுக்குத் தாவ வேண்டாம். தள்ளி எழுதும் கையில் அது சொரசொரப்பான தாளைக் கீறும், நிப் முனையின் பிளவுக்குள் தாளின் நார் சிக்கிக் கோடு திடீரென்று தடிக்கும். பட்டை நிப், சாய்வாக வெட்டிய நிப், வளைந்து கொடுக்கும் மென் நிப் ஆகியவற்றை முதல் பேனாவில் தவிர்ப்பது நல்லது. மென் நிப்பைத் தள்ளினால் பிளவின் இரு பக்கமும் உள்ள அதன் இரு கரங்களும் தாளில் மாட்டி விரியும். முனை உருண்டையான, விறைப்பான எஃகு நிப்பே போதும்.

லாமி சஃபாரி பேனாவுக்கு எல்எச் என்ற இடது கை நிப் உண்டு. அதன் கோடு ஏறக்குறைய மீடியம் அளவில் விழும். மீடியம் காய்வதற்கு எடுக்கும் நேரத்தைக் கணக்கில் கொண்டால், பெரும்பாலானோருக்குச் சாதாரண ஃபைனே மேல் என்பது என் தீர்ப்பு. சஃபாரியில் நிப்பைக் கழற்றி மாற்ற முடியும் என்பதால் இரண்டையும் பரீட்சித்துப் பார்க்கலாம். அதன் முக்கோணப் பிடி இரு பக்கமும் ஒரே வார்ப்பு, எந்தக் கைக்கும் பொருந்தும். பெலிக்கன் நிறுவனத்தின் பெலிக்கானோ பேனாவின் இடது கை வகையில் பிடியே இடது விரல்களுக்கேற்ப வார்க்கப்பட்டிருக்கும். ஆனால் நிப்பை உள்நோக்கிச் சுழற்றிப் பிடிக்கும் பழக்கம் ஊறியவர்களுக்கு, வார்த்த பிடி எதுவானாலும் சில பக்கங்களில் விரல் வலிக்கும். அவர்கள் உருளைப் பிடியை எடுக்கட்டும். மூடியில்லாப் பேனாவான பைலட் கேப்லெஸ்ஸில் கிளிப் விரல் படும் இடத்திலேயே இருப்பதால், கையில் பிடித்துப் பார்க்காமல் அதை வாங்க வேண்டாம்.

புதுப் பேனாவை உங்கள் வழக்கமான கோணத்தில் பிடித்து நான்கு திசைகளிலும் கோடு இழுங்கள், பிறகு எட்டு வடிவம் போடுங்கள். ஒரு திசையில் மட்டும் கீறினால் நிப்பின் இரு கரங்களும் சம உயரத்தில் இல்லை என்று பொருள். 10 மடங்கு லென்ஸில் முனையை நேராகப் பார்த்து, உயர்ந்திருக்கும் கரத்தை நகத்தால் மெல்ல அழுத்தி இறக்கலாம். 12000 எண் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய தேய்ப்புத் தாளில் தேய்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல் ஐந்தாறு எட்டுகள் போதும். அதிகம் தேய்த்தால் பிளவின் உள்விளிம்பு மழுங்கி, ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் மை வராமல் போகும். தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

மையில் பெலிக்கன் 4001 வரிசை நல்ல தொடக்கம்; ஓட்டம் கட்டுப்பாடாக இருக்கும். நூட்லர்ஸ் பெர்னாங்கி மைகள் வேகமாகக் காய்வதற்கென்றே செய்யப்பட்டவை. தாளில் சட்டென்று ஊறுவதால் எழுத்தின் ஓரம் விரியும், அடுத்த பக்கத்துக்கு ஊடுருவும்; மெல்லிய நிப்போடு சேர்த்தால்தான் அழகு. பளபளப்பு அதிகமாகத் தெரியும் மைகள் இடது கைக்கு ஆகவே ஆகாது. காய்ந்த பின்பும் வியர்வைக் கை பட்டால் ஈஷும். பைலட் இரோஷிசுகு தாராளமாக ஓடுவது. வறண்டு எழுதும் நிப்புக்கு அதுவே மருந்து. காயும் நேரத்தை அறிய ஒரு வரி எழுதி 5, 10, 15, 20 நொடிகளில் வேறு வேறு இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் கை அந்த இடத்தை அடைய எடுக்கும் நேரத்தை விடக் காயும் நேரம் குறைவாக இருந்தால் போதும்.

இந்தச் சோதனையை நீங்கள் தினமும் எழுதும் தாளிலேயே செய்யுங்கள். டோமோயே ரிவர், ரோடியா போன்ற வழவழத் தாள்களில் மை மேற்பரப்பிலேயே நிற்கும், காயத் தாமதமாகும். சாதாரண நகல் தாளில் சீக்கிரம் காயும், ஆனால் கோடு தடிக்கும்.

சில மாதம் கழித்துத் தலைகாட்டும் ஒரு குறை உண்டு: பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் மை விட்டு விட்டு எழுதும். நிப் கெட்டுவிட்டதென்று பலர் தேய்க்கத் தொடங்குவார்கள். வரிக்குக் கீழே கை வைத்து எழுதும்போது, இன்னும் எழுதாத தாளில் கையின் எண்ணெய்ப் பசை படிகிறது. அங்கே மை ஒட்டுவதில்லை. கைக்கு அடியில் ஒரு மை ஒற்றும் தாளை வைத்து, அதை வரியோடு நகர்த்திக்கொண்டே எழுதுங்கள். அதன் பிறகும் கோடு விட்டால் மட்டும் நிப்பையும், அதற்கு மை கொண்டுவரும் அடிக்கட்டையையும் வெறும் குளிர்ந்த நீரில் கழுவிப் பாருங்கள்.