நிர்பீக், பிரபல்: தோட்டத்துக்கென்று ஒரு ரிவால்வரைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

பெங்களூரு அல்சூரில் குடியிருந்துகொண்டு, கனகபுராவிலிருந்து சங்கமத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய மல்பெரித் தோட்டம் ஒன்றை வாரத்தில் மூன்று இரவுகள் தங்கிப் பார்த்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத ஒற்றை வீடு, கூலிப் பணத்தோடு இருட்டிய பிறகு வண்டி ஓட்ட வேண்டிய கட்டாயம், ஏற்கெனவே ஒரு முறை நடந்த கொள்ளை முயற்சி ஆகியவற்றைக் காரணமாக எழுதி, பெங்களூரு மாநகரக் காவல் ஆணையரிடம் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். உரிமம் கைக்கு வந்த பிறகுதான், எந்த ரிவால்வரை வாங்குவது என்ற கேள்விக்குத் தமிழில் நேரடியாகப் பதில் சொல்லும் கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை என்பது புரிந்தது. 2024 ஜனவரியில் வாங்கிய துப்பாக்கியோடு ஓராண்டுக்கு மேல் பழகிவிட்ட நிலையில், நான் பார்த்ததையும் பிடித்துப் பழகியதையும் சுட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் தேர்வுக்கு இருக்கும் இடம் மிகவும் குறுகியது. படையும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ., 0.38 அங்குலம் என்று குழலின் உள்விட்டத்தால் பெயர் பெற்ற ரகங்கள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனிநபர்கள் இறக்குமதி செய்துகொள்வதும் 1980-களின் நடுப்பகுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன்பு வந்து சேர்ந்த பழைய ரிவால்வர்கள் கைமாறிக் கைமாறிப் பல லட்சம் ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. ஆகவே, சாதாரண உரிமதாரருக்குக் கிடைக்கும் சிறிய ரிவால்வர் என்றால் அது பெரும்பாலும் 0.32 ரகமாகத்தான் இருக்கும். 1896-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அறிமுகப்படுத்திய தோட்டாவைத்தான் இன்றும் இந்த ரகத்தில் போடுகிறோம். அதன் ஈயக் குண்டு 98 கிரெய்ன், அதாவது ஆறேகால் கிராமுக்குச் சற்று அதிகம். வேகமும் உதைப்பும் மிதமானவை. வலிமை போதாது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மிதமான உதைப்புதான் புதிதாகக் கற்றுக்கொள்பவரைக் காப்பாற்றுகிறது என்பது என் கருத்து.

வீட்டில் முதலில் பேச்சு அடிபட்டது நிர்பீக் பற்றித்தான். டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களின் தற்காப்புக்கென்று சொல்லி, கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014 ஜனவரியில் வெளியிட்ட ரிவால்வர் அது. அச்சமற்றவர் என்பது பெயரின் பொருள். டைட்டானியம் கலப்புலோகத்தில் செய்யப்பட்டதால் 525 கிராம்தான் எடை. அறிமுக விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். கையில் எடுத்ததும் பிடித்துப்போகும் பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. கைப்பையிலோ இடுப்பிலோ நாள் முழுவதும் சுமந்தாலும் உறுத்தாது.

இருந்தாலும், எடை குறைவு என்ற ஒரே காரணத்தால் அது பெண்களுக்கு ஏற்றதாகிவிடுகிறது என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியிலும் 525 கிராம் துப்பாக்கியிலும் வெடித்தால், இலேசான துப்பாக்கி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். இது எளிய கணக்கு. அதைவிட முக்கியமானது விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகர். தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடும்போது, அந்த ஒரே அழுத்தம் சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளி, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரையும் ஓர் அறை சுழற்ற வேண்டியிருப்பதால், விரல் செலுத்த வேண்டிய பலம் துப்பாக்கியின் எடையைப் போலப் பல மடங்கு ஆகிறது. துப்பாக்கி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ, அந்த அழுத்தத்தில் குழலின் முனை அவ்வளவு எளிதாகப் பக்கவாட்டில் விலகும். சுமப்பதற்குச் சுகமான துப்பாக்கி சுடுவதற்குச் சிரமமானதாக இருக்கும் என்ற இந்த முரண்பாட்டை, கடைக்குப் போகும் முன்பே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

எடை குறைந்தால் நல்லது என்ற எண்ணம் இன்னும் ஒரு படி போனால் நிடர் வரும். மேற்கு வங்கத்தின் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் 0.22 ரக ரிவால்வர். எடை 250 கிராம். குறி பார்த்துப் பழக அது உதவலாம். உயிர் காக்க நம்பி எடுத்துப் போகும் பொருளாக அதை நான் கருதவில்லை.

அடுத்தது பிரபல். அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திவந்த ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பிறகு, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 18 அன்று இதை வெளியிட்டது. தோட்டா இல்லாமல் 700 கிராம், குழலின் நீளம் 76 மி.மீ. நம் நாட்டில் செய்யப்பட்ட ரிவால்வர்களில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் முதல் ரிவால்வர் இதுதான் என்று நிறுவனம் சொல்கிறது. முந்தைய 0.32 ரிவால்வர்கள் வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் அமைப்பைப் பின்பற்றியவை. தாழ்ப்பாளை விலக்கிக் குழலைக் கீழே மடித்தால் துப்பாக்கியே இரண்டாக மடங்கித் திறந்து, வெற்றுத் தோட்டாக்கள் ஒரே வீச்சில் வெளியே தள்ளப்படும்.

இந்த இரண்டு அமைப்புகளில் எது நல்லது என்பதை முடிவு செய்ய நான் மிகுந்த நேரம் செலவிட்டேன். மடங்கித் திறக்கும் அமைப்புக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கை நடுங்கும் வேளையிலும் ஒரே அசைவில் காலியாகிவிடும் என்பதால், உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்துக்கே இடம் இருக்காது. ஆனால் வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் ஒரு கீலும் ஒரு தாழ்ப்பாளும் தாங்க வேண்டியிருப்பதால், நெடுநாள் புழக்கத்தில் அவை தளர்ந்து குழல் ஆடத் தொடங்கும். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் முதலில் சோதிக்க வேண்டிய இடம் அந்தத் தாழ்ப்பாள்தான். பக்கவாட்டில் திறக்கும் அமைப்பில் சட்டகம் ஒரே துண்டாக இருக்கிறது. புழுதியும் சருகும் நிறைந்த தோட்டத்தில் அது எனக்கு நம்பிக்கை தந்தது. குழலைத் தரையை நோக்கி வைத்தபடியே சிலிண்டரை இடப்பக்கம் தள்ளி ஒவ்வோர் அறையையும் விரலால் தடவிப் பார்க்க முடிவதும் எனக்குப் பெரிதாகப்பட்டது, ஏனென்றால் தோட்டத்து வீட்டுக் கதவைத் திறந்ததும் நான் செய்யும் முதல் வேலையும், இரவு பெட்டியில் பூட்டும் முன் செய்யும் கடைசி வேலையும் அதுதான்.

துப்பாக்கிக் கடைகளில் சுட்டுப் பார்க்க விடமாட்டார்கள் என்பதைப் புதியவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கலாம். கேட்டுக்கொண்டால், போலித் தோட்டா போட்டு விசையை இழுத்துப் பார்க்க அனுமதிப்பார்கள். நான் போன கடையின் உரிமையாளர், சிவாஜிநகரிலேயே பிறந்து வளர்ந்த முதியவர், தமிழில் சொன்ன ஓர் அறிவுரை என் தேர்வையே மாற்றியது. "சார், ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லாதீங்க. இருபது தடவை இழுங்க. இருபதாவது தடவை முனை ஆடுதான்னு பாருங்க" என்றார். அவ்வாறே செய்தேன். நிர்பீக்கில் பன்னிரண்டாவது இழுப்பிலேயே என் முனை அலையத் தொடங்கியது. பிரபலில் இருபது வரை நின்றது. என் கைக்கும் என் விரலுக்கும் பொருந்திய முடிவு இது; உங்கள் கைக்கு வேறு முடிவு வரலாம் என்பதால், சோதனையைத்தான் பரிந்துரைக்கிறேன், முடிவை அல்ல. பிரபலை வாங்கினேன்.

சுடுதளத்தில் 7 மீட்டர் தூரத்தில், விசையை மட்டும் இழுத்து, நிதானமாக முப்பது தோட்டாக்கள் சுட்டேன். இருபத்தாறு குண்டுகள் சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழுந்தன. அவசரமாகச் சுட்டபோது அந்த வட்டம் இரண்டு மடங்காக விரிந்தது. புனே அருகே கடக்கியில் தயாராகும் தோட்டாக்களைத்தான் போட்டேன். ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை. ஐம்பது மீட்டர் வரை எட்டும் என்பது பிரபலுக்குச் செய்யப்படும் விளம்பரம். குண்டு அவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று அங்குலக் குழலை வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தில் ஒருவர் நிச்சயமாகக் குறி பார்க்க முடியும் என்று நம்பி இதை வாங்கக் கூடாது. அது மட்டுமன்றி, தற்காப்பு உரிமையைப் பற்றிப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. தாக்குதலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது அவற்றின் அடிப்படை. ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்பவரால் அந்தக் கணத்தில் உயிருக்கு ஆபத்து இருந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று.

திறந்தவெளிக்கு எடுத்துப் போவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலானோர் யானையையும் சிறுத்தையையும் காட்டுப்பன்றியையும் மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். எங்கள் பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியது. யானை வராத மாதம் இல்லை. 0.32 குண்டு யானையை நிறுத்தாது. காயப்படுத்திச் சினமூட்டும், சினம் கொண்ட யானை அடுத்து வருபவரின் உயிரையும் பறிக்கும். என் தோட்டத்தில் யானைக்கும் பன்றிக்கும் பயன்படுபவை சூரிய மின்வேலியும், வலிமையான டார்ச் விளக்கும், வனத்துறைக்குச் செய்யும் தொலைபேசி அழைப்புமே. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும், தற்காப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்கு இருபது அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியையும், பயிர்க் காவலுக்குக் குழலின் வாய்வழியாக வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கியையும் தனியே குறிப்பிடுகிறது. கைத்துப்பாக்கிக்கோ, தக்க காரணம் இருப்பதாக அதிகாரி நிறைவடைந்தால்தான் உரிமம்.

அதோடு, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். பன்னர்கட்டாவிலோ பந்திப்பூரிலோ மலையேற்றம் போகிறவர் உரிமம் இருக்கிறதே என்று ரிவால்வரை எடுத்துப் போனால், அவர் குற்றவாளியாகிவிடுவார். சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 34-ஆம் பிரிவு சொல்வதும் பலருக்குத் தெரியாது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைச் சுட நேர்ந்தால் அது குற்றமாகாது என்று 11-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது; அந்த விலக்கைத் தேடிப் போகும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

உரிமத்தில் எழுதப்பட்ட எல்லையும் கவனத்துக்குரியது. என் உரிமம் கர்நாடகத்துக்குள் மட்டுமே செல்லும். ஓசூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக அத்திப்பள்ளியைத் தாண்டினால் போதும், அது தமிழ்நாடு. அங்கே என் துப்பாக்கி உரிமமில்லாத துப்பாக்கி. ஆகவே அக்கா வீட்டுக்குப் போகும் நாட்களில் அது அல்சூர் வீட்டுப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். வண்டியின் டேஷ்போர்டு அறையில் விட்டுப் போவதை நான் எந்நாளும் செய்ததில்லை. களவு போன துப்பாக்கி எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்பதை நினைத்தாலே தூக்கம் போய்விடும்.

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறைக்குள்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. நான் முதலில் வாங்கியது ஒரு தோல் பொருள் கடையில் தைக்கச் சொல்லி வாங்கிய உறை. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தோல் வியர்வையையும் மழை ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொண்டதால், ஜூன் மாதத்தில் இரண்டே வாரங்களில் சிலிண்டரின் மேல் செந்நிறப் புள்ளிகள் தோன்றின. இப்போது செயற்கை இழையால் ஆன, விசையை முழுவதும் மூடும், கட்டைவிரலால் விடுவிக்கும் பட்டை கொண்ட உறையைப் பயன்படுத்துகிறேன். விசை வெளியே தெரியும் உறையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எந்த உறையானாலும் துப்பாக்கியை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடக் கூடாது. துடைத்து, எண்ணெய் தடவி, தனியே வைக்க வேண்டும். ஈயக் குண்டு என்பதால் குழலின் உட்புறத்தில் ஈயம் படியும். சுட்ட நாளன்றே பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுத்தால் ஐந்து நிமிட வேலை, ஒரு வாரம் விட்டால் ஒரு மணி நேர வேலை.

2024 மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத ரிவால்வரைக் காவல் நிலையத்தில் கொடுத்து, எண்ணைச் சரிபார்த்து ரசீது பெற்றுக்கொண்டேன். கொடுக்கும் முன் குழலுக்குள்ளும் ஒவ்வோர் அறைக்குள்ளும் கெட்டியாக எண்ணெய் பூசியிருந்ததால், ஜூன் மாதம் திரும்பக் கையில் வாங்கியபோது ஒரு துருப்புள்ளிகூட இல்லை. அந்த எண்ணெயைச் சுடும் முன்பு முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.