விண்ணப்பிக்காமலே வந்த டிராவல் அவார்டு: தொற்றுநோய் ஆய்வு மாணவர்களே, உஷார்!

காசநோய், டெங்கு என்று தொற்றுநோய்களில் பிஎச்டி செய்கிறவர்கள், இப்போதுதான் முடித்தவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

எங்கள் லேபில் ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) பற்றி ஆராயும் ஜூனியர் ஒருத்தி. முதல் கட்டுரை வெளிவந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு ஒரு மெயில் வந்தது. ஐரோப்பாவில் நடக்கும் தொற்றுநோய் மாநாட்டில் இளம் ஆய்வாளர்களுக்கான டிராவல் அவார்டுக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், விமானச் செலவும் தங்கும் செலவும் அவர்களுடையதாம். ஆனால் பதிவுக் கட்டணம் 499 யூரோவை ஒரு வாரத்துக்குள் கட்டினால்தான் விசாவுக்கு அழைப்புக் கடிதம். பிஎச்டி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அதுவும் சொன்ன மாதத்தில் வருவதில்லை. அப்பாவிடம் வாங்கிக் கட்டினாள்.

கட்டியதும் பேச்சு மாறிவிட்டது. டிக்கெட்டை நீங்களே போடுங்கள், மாநாடு முடிந்த பிறகு தருகிறோம் என்றார்கள். விசாவுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே மாநாடு ஆன்லைனுக்கு மாறிவிட்டதாக இரண்டு வரி மெயில். பணத்தைக் கேட்டால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அமைப்புக் குழுவில் பெயர் இருந்த பேராசிரியர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். தன் பெயரைக் கேட்காமலே போட்டிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை என்று பதில் போட்டார். வயிறு எரிந்தது.

இது பழைய தந்திரம்தான். மாநாட்டில் யார் யார் கலந்துகொள்கிறார்கள் என்று பொய் சொன்னது உட்படப் பல புகார்களோடு மாநாடுகள் நடத்தி ஆய்விதழ்களும் வெளியிடும் ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்களிடம் பணம் பறித்தவர்கள் வேறு ஆட்கள்.

நிஜ அவார்டு தேடி வராது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் வெப்பமண்டல மருத்துவச் சங்கமானாலும் (ஏஎஸ்டிஎம்எச்) ஐரோப்பாவின் தொற்றுநோய்ச் சங்கமான எஸ்மிட் (ESCMID) ஆனாலும் முதலில் அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்ப வேண்டும், கடைசித் தேதி மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். நிஜமான சங்கங்களும் சில சமயம் பிறகுதான் பணம் தரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். விண்ணப்பிக்காமலே தேர்வு, உடனே கட்டு என்ற அவசரம், இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கட்டாதீர்கள். குழுவில் பெயர் உள்ள யாராவது ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரியைத் தேடி எடுத்து, ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்புகளான ஐசிஎம்ஆர், டிபிடி, சிஎஸ்ஐஆர் ஆகியவற்றின் பயண உதவித் திட்டங்களையும் கைடிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏற்கனவே கட்டிவிட்டீர்களா? கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு இன்றே வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள், நாங்களும் போட்டிருக்கிறோம். 1930க்கு அழைத்து சைபர் குற்றப் புகாரும் பதியுங்கள். அனுப்பிய அப்ஸ்ட்ராக்டைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் தெரிவித்து அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். ஏற்கனவே வெளியான அப்ஸ்ட்ராக்டைப் பல சங்கங்கள் ஏற்பதில்லை. அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு இன்னும் அவர்கள் தளத்தில்தான் கிடக்கிறது.