இகுவானா, பைத்தான் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு: ‘பரிவேஷ் சர்டிபிகேட் எடுத்துத் தருகிறேன்’ என்று வருபவரை நம்பாதீர்கள்

வெளிநாட்டு ஊர்வன வளர்க்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘பரிவேஷ்’ என்ற அரசு இணையதளம் வழியாகக் கிடைக்கும் பதிவுச் சான்றிதழை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணத்தை விடுங்கள், சம்பாதித்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் ஒருத்தனாக இருந்த இகுவானா இப்போது எங்களிடம் இல்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை. இதே ஆள் இன்னும் குறைந்தது நான்கு பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததால் நடந்தது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

2021 அக்டோபரில் சென்னையில் ஒரு கடையில் அவனை வாங்கினேன். பச்சை இகுவானா. அப்போது வாலோடு சேர்த்தே ஒரு முழம்கூட இருக்க மாட்டான். விலை 9,000 ரூபாய். ‘பேப்பர் இருக்கா அண்ணே?’ என்று கேட்டேன். ‘எல்லாம் இருக்கு தம்பி, பயப்படாம எடுத்துட்டுப் போ’ என்று சொல்லி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் அச்சடித்த ஒன்றைக் கொடுத்தார். ‘மேற்படி விலங்கு இந்தியாவிலேயே கூண்டில் பிறந்தது, வாங்குபவருக்குச் சட்டச் சிக்கல் எதுவும் வராது’ என்று எழுதி, கீழே நோட்டரியின் ஊதா முத்திரை. அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்தேன். அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. கடைக்காரர் தனக்குத்தானே நற்சான்று எழுதிக்கொண்டால் அது அரசு ஆவணம் ஆகிவிடாது.

அந்தக் கடையில் செய்த இன்னொரு கெடுதலையும் சொல்ல வேண்டும். வெயிலைப் போலப் புற ஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கு என்று ஒன்று தேவை என்பதையே சொல்லவில்லை. ‘சாதாரண பல்பு போதும், லெட்டூஸ் கொடு’ என்றார்கள். ஐந்தாவது மாதம் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. கீழ்த்தாடையை விரலால் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது. கால்சியம் எலும்பில் சேராமல் வரும் நோய் அது. ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டரைத் தேடி திருச்சியிலிருந்து சென்னைக்கு மூன்று முறை போனோம். கால்சியம் சிரப், யூவிபி குழல் விளக்கு, காலையில் பால்கனி வெயில், முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை. எட்டு மாதம் ஆனது தேற. தாடை லேசாகக் கோணியபடியே நின்றுவிட்டது. அம்மா அவனுக்குப் பச்சையப்பன் என்று பெயர் வைத்தார். அம்மா பால்கனிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே தலையை மேலும் கீழும் ஆட்டுவான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். நான் வாங்கிய காலத்தில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு விலங்குகளைத்தான் காத்தது. வெளிநாட்டு இனத்தைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிக்கும். அதைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டால் கேட்க ஆள் இல்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாங்களாக முன்வந்து அறிவித்தால் எங்கே வாங்கினீர்கள் என்று ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. நான் வாங்குவதற்கு முன்பே அந்தக் கெடு முடிந்துவிட்டது. கடைக்காரருக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும்.

2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணையாகச் சேர்ந்தன. பச்சை இகுவானாவும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பும் அதில் வரும். 49-எம் பிரிவின்படி, இவற்றை உயிரோடு வைத்திருப்பவர் அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். எப்படிப் பதிவு செய்வது என்ற விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் இருப்பவற்றுக்கு ஆறு மாதம் கெடு, பிறகு வாங்குபவற்றுக்கு 30 நாள். விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். மீறினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று போகலாம்.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிக்குள் துணிப்பைகளில் கட்டிய குட்டிப் பாம்புகளும் பல்லிகளும் பிடிபடுவதைச் செய்தியில் பார்க்கிறோமே, அதில் எத்தனை வழியிலேயே செத்திருக்கும்! பச்சையப்பனும் அப்படி வந்தவனாக இருக்கலாம் என்ற எண்ணம் இப்போதும் என்னைக் குத்துகிறது. ஆனால் சட்டம் வந்தபோது எங்களைப் போன்றவர்களிடம் பரவியது பயம் மட்டும்தான். வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘ரெய்டு வரும்’ என்றார் ஒருவர். ‘யாருக்கும் சொல்லாதே, மாடியில் மறைத்து வை’ என்றார் இன்னொருவர். ஏரியில் விட்டுவிடப்போவதாக ஒருவர் எழுதினார். தயவுசெய்து அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வீட்டில் வளர்ந்தது வெளியே செத்துப்போகும், பிழைத்தால் நம் ஊர் உயிர்களுக்குக் கேடு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படி வெளியே போன பச்சை இகுவானாக்கள் பெருகி, கால்வாய்க் கரைகளையெல்லாம் குடைந்துவைத்திருக்கின்றன.

இந்தப் பயத்துக்கு நடுவில்தான் அந்த ஆள் வந்தார். 2024 ஜூலை மாதம். ‘ப்ரோ, ஐம்பது பேருக்கு மேல முடிச்சுக் கொடுத்திருக்கேன், ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு’ என்றார். பில் இல்லையே என்றேன். ‘பழைய தேதி போட்டு நானே ரெடி பண்றேன், நீங்க ஆதார் காப்பியும் அனிமல் போட்டோவும் மட்டும் அனுப்புங்க’ என்றார். முன்பணம் 7,500, சான்றிதழ் வந்ததும் 7,000. அந்த ‘பழைய தேதி’ என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பச்சையப்பனைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற நினைப்பில் மற்றது எதுவும் மண்டையில் ஏறவில்லை. அது என் தப்பு, மறைக்க விரும்பவில்லை.

இணையதளத்தில் கணக்கைத் தன் மொபைல் எண்ணிலேயே தொடங்கிவிட்டதாகச் சொன்னார். ‘ஓடிபி தொல்லை உங்களுக்கு வேண்டாம் ப்ரோ’ என்றார். ஆகஸ்ட் 20 அன்று பிடிஎஃப் வந்தது. அரசு முத்திரை, எண், என் பெயர், முகவரி, இனம் என்ற இடத்தில் பச்சை இகுவானா. மீதிப் பணத்தை அன்றே அனுப்பினேன். ஆகஸ்ட் 28 அன்று கெடு முடிந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

2025 ஜனவரியில் வேலை மாறிக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. முகவரி மாற்றத்தை எப்படித் தெரிவிப்பது என்று, தன் மக்காவ் கிளியைத் தானே பதிவு செய்திருந்த ஒரு நண்பரிடம் கேட்டேன். எதற்கும் உன் சான்றிதழை அனுப்பு என்றார். பெரிதாக்கிப் பார்த்தவர், ‘இனம் இருக்கிற வரியில எழுத்து மட்டும் தடிமனா இருக்கே’ என்றார். கம்ப்யூட்டரில் திறந்து அந்த வரியை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். ‘பச்சை இகுவானா’ வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது: நீல மஞ்சள் மக்காவின் விலங்கியல் பெயர். யாரோ ஒரு கிளி வளர்ப்பவரின் சான்றிதழ் அது. அதன்மேல் வெள்ளைப் பட்டை ஒட்டி, எனது பெயரையும் இகுவானாவையும் எழுதியிருக்கிறார். பெயர் இருந்த இடத்தில் வேறொருவரின் பெயர் அடியில் கிடந்தது. அந்த மனிதருக்கும் இது தெரிந்திருக்காது.

போன் செய்தேன். ‘சர்வர் ப்ராப்ளம் ப்ரோ, கரெக்ட் பண்ணிடலாம், 3,000 அனுப்புங்க’ என்றார். அடுத்த நாளிலிருந்து எண் அணைந்துவிட்டது. குழுவில் விசாரித்தபோது இன்னும் சிலர் பேசினார்கள். கார்ன் ஸ்நேக் வைத்திருக்கும் ஒரு பையனிடம் 8,000 வாங்கியிருக்கிறார். கார்ன் ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலிலேயே இல்லை, அதற்கு இந்தப் பதிவே கிடையாது. இதைவிட மோசம், நட்சத்திர ஆமை வைத்திருந்த ஒரு குடும்பத்திடம் ‘அதையும் பதிவு பண்ணிடலாம்’ என்று சொல்லியிருக்கிறார். நட்சத்திர ஆமை நம் நாட்டு உயிரினம், முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை எந்தப் பதிவாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ராசி என்று சொல்லி யார் விற்றாலும் குற்றம்தான்.

ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்கு நானாகப் போனேன். நோட்டரித் தாள், போலிச் சான்றிதழ், பணம் அனுப்பிய விவரம், டாக்டரின் சீட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகத்தான் கேட்டார். என் பெயரில் விண்ணப்பமே இல்லை என்று பார்த்துச் சொன்னார். ‘கெடுவுக்குள்ள இதே மாதிரி நேரா வந்திருந்தீங்கன்னா, உண்மையைச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கலாமே’ என்றார். அதற்கும் அனுமதி கிடைத்திருக்கும் என்று உறுதி கிடையாது. சட்டத்துக்கு முரணாக வந்ததில்லை என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் பதிவு. ஆனாலும் ஆறு மாதம் வாய்ப்பு இருந்தது, அதை ஒரு திருடன் கையில் கொடுத்துவிட்டேன்.

வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பச்சையப்பனை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பழைய தலையணை உறையில் வைத்து, உறையின் வாயைக் கட்டி, பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். உறைக்கு மேலாகவே அவன் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அம்மா ஒரு பை நிறையச் செம்பருத்தி இலை பறித்துக் கொடுத்திருந்தார். கூடையை வாங்கிய வனக்காவலர் ‘இது என்ன சாப்பிடும் சார்?’ என்று கேட்டார். தாடை கோணல் என்பதால் இலையைக் கிழித்துப் போட வேண்டும் என்றும், விளக்கு இல்லாமல் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மனிதருக்கு நன்றி.

இப்போது வாங்கப்போகிறவர்களுக்கு: முத்திரைத்தாளைக் காட்டினால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பட்டியலில் உள்ள இனம் என்றால் விற்பவரின் பெயரிலேயே பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் (டிஜிஎஃப்டி) தரும் உரிமமும் சைட்டிஸ் அனுமதியும் கேளுங்கள். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடைக்கே மாநில விலங்குகள் நல வாரியத்தின் பதிவு வேண்டும், அதையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருந்தால், இன்றைக்கே அந்த பிடிஎஃப்-ஐத் திறந்து ஒவ்வொரு வரியையும் நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். விண்ணப்பம் உங்கள் மொபைல் எண்ணில், உங்கள் லாகினில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள், பிறகு அவரோடு வனத்துறைக்குப் போங்கள். அந்த ஆள் கேட்கும் இரண்டாவது தவணையை அனுப்பாதீர்கள்.

பண மோசடிக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். தாமதமாகப் போனதால் பணத்தை முடக்க முடியவில்லை என்றார்கள். நீங்கள் அன்றே கூப்பிடுங்கள். அந்த ஆள் இப்போது வேறு எண்ணில், வேறு பெயரில் வருகிறார். பேச்சு மட்டும் மாறவில்லை: ‘ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு’, ‘ஓடிபி தொல்லை வேண்டாம்’, கடைசியில் ‘சர்வர் ப்ராப்ளம்’. உங்களிடமும் இப்படிப் பேசியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள், புகாரோடு சேர்க்க உதவும்.