பழைய காருக்குப் புது ஸ்ட்ரட், புது ஸ்பிரிங்: மாற்றி, ஓட்டிப் பார்த்தபின்

ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்பது ஓட்டுகிறவருக்குத்தான் கடைசியில் தெரியும். ஒரே நாளில் அது போவதில்லை. சீல் வழியாக எண்ணெய் கசிந்து, உள்ளே வால்வு தளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நாமும் அதற்கேற்றபடி ஓட்டப் பழகிவிடுவோம். 15 வயது தாண்டிய என் ஹேட்ச்பேக்கில் விஷயத்தை வெளியே சொன்னது டயர்தான். முன் டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு என்றால் ஏதாவது ஒரு ஓரம் முழுக்கத் தேயும். இப்படித் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால், வீல் பேலன்ஸும் சரியாக இருக்கிற பட்சத்தில், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்தபடியே ஓடியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் மற்ற அறிகுறிகளும் இருக்கத்தான் செய்தன. பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாகக் குத்தும், வேகத்தடை தாண்டியபின் உடம்பு இன்னொரு முறை ஏறி இறங்கும், குண்டும் குழியுமான வளைவில் வண்டி வெளிப்பக்கமாக ஒதுங்கும். பானட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனையில் மட்டும் என் வண்டி பாஸ்! அந்தச் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்ததைக் காட்டாது.

"ஷாக் மட்டும் மாத்தினா போதும் சார், ஸ்பிரிங் எல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றுதான் மெக்கானிக் சொன்னார். பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடை தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே வண்டி தாழ்ந்து நின்றால் எவ்வளவு நல்ல ஷாக் போட்டாலும் உயரம் திரும்ப வராது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன், இடது பக்கம் கண்ணுக்கே தெரிகிற அளவு தாழ்ந்திருந்தது. கழற்றியபோது காரணம் கிடைத்தது: ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றில் ஒரு விரல் நீளத் துண்டு உடைந்து, கீழ்த்தட்டில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுத்த பழைய துரு, மீதி கொஞ்சம் பளபளப்பு. அதாவது விரிசல் நெடுநாளாக இருந்து கடைசியில்தான் முறிந்திருக்கிறது. மண்ணும் நீரும் தங்கி, பெயின்ட் உரிந்து, துரு பிடிப்பது அந்தக் கீழ்ச்சுற்றில்தான் என்பதால் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அங்கேதான் உடைகின்றன. சில வண்டிகளில் உடைந்த முனை நழுவி டயரையே கிழித்துவிடும். எனவே ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பாகம் வாங்குவதில் இரண்டு வழி இருக்கிறது. ஸ்ட்ரட் (முன்சக்கரத்தைத் தாங்கும் தூணும் ஷாக்கும் ஒன்றான பாகம்), ஸ்பிரிங், மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டி உடம்போடு இணைக்கும் ரப்பர் தாங்கி) எல்லாம் சேர்த்துப் பூட்டிய முழு செட்டாக வாங்கலாம். அப்படியே கழற்றி அப்படியே மாட்டிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவற்றில் பல, ஒரே மாடலின் எல்லா வகைக்கும் பொதுவாக ஒரு ஸ்பிரிங்கை வைத்துச் செய்யப்படுபவை. டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடக் கனம், ஏசி இருந்தால் இன்னும் கொஞ்சம், ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இன்னும் கொஞ்சம். கம்பெனி அதற்கேற்ப வேறு வேறு ஸ்பிரிங் போட்டிருக்கும், சுற்றுகளில் பூசிய வண்ணப் புள்ளிகள் அதற்குத்தான். கம்பித் தடிமன் ஒரு மில்லிமீட்டர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஸ்பிரிங்கின் விறைப்பு தடிமனின் நான்காம் மடியைப் பொறுத்தது. சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்து, கம்பி 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆனால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். அதனால் தனித்தனியாகவே வாங்கினேன், ஸ்பிரிங்கை மட்டும் சேஸிஸ் நம்பர் கொடுத்துச் சரிபார்த்து. எல்லாம் ஜோடி ஜோடியாக. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்று வைத்தால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி ஒரே மாதிரி நிற்காது. மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அழுந்தும்போது இடியைத் தாங்கும் மெத்தை), தூசி உறை இவற்றையும் விட்டுவைக்காதீர்கள். பழைய பம்ப் ஸ்டாப்பைக் கையில் எடுத்ததும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அழுத்தி, அது தட்டைவிட்டு விலகியதை உறுதிசெய்யாமல், ஷாக் தண்டின் தலையில் இருக்கும் நடு நட்டில் கை வைக்கக்கூடாது. உயிர் போகும் அளவு விசை அதற்குள் அடைபட்டிருக்கிறது. பழக்கமும் நல்ல கருவியும் இல்லாதவர்கள் இந்த ஒரு பகுதியையாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவது நல்லது. நட்டைத் திருகும்போது தண்டும் கூடவே சுற்றுகிறதே என்று பிளையரால் பிடிப்பார்கள், அதைத் தடுத்துவிடுங்கள். குரோம் தண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது சீலைத் தின்றுவிடும். தண்டின் தலையில் ஆலன் சாவி போட இடம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருக வேண்டும். காலிப்பரை (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி கட்டி மாட்ட வேண்டும். இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை: லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ் எனும் ரப்பர் மூட்டின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போதுதான் கடைசி முறுக்குக் கொடுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

சரி, மாற்றியபின் எப்படி இருந்தது? முதல் சில நாட்கள், உண்மையைச் சொன்னால், வண்டி முன்பைவிட இறுக்கமாகத்தான் தோன்றியது. புது ஷாக் போட்டால் மெத்தை மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். காரின் உடம்பு ஸ்பிரிங்கின்மேல் வினாடிக்கு சுமார் 1 முதல் 1.5 முறை ஆடும், சக்கரமோ 10 முதல் 15 முறை துள்ளும். இரண்டையும் ஒரே ஷாக்தான் அடக்க வேண்டும். பழைய ஷாக் இரண்டையும் விட்டுக்கொடுத்திருந்தது, அந்தத் தளர்ச்சியைத்தான் நாம் சொகுசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது சின்னக் குழிகள் தெரிகின்றன, ஆனால் ஒரு குழி என்றால் ஒரே ஒரு அடி, அதோடு சரி. ஆள் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போதுதான் பணம் எங்கே போனது என்று புரிகிறது. பின்சீட்டில் வழக்கமாகக் குமட்டல் வரும் ஆள் இப்போது போன் பார்த்துக்கொண்டு வருகிறார்.

ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் கோணம்) மாறும், ஆகவே அலைன்மென்ட் கட்டாயம். புது ஸ்பிரிங் கொஞ்சம் படியும் என்பதால், சில வாரம் ஓடியபின் இன்னொரு முறையும் பார்த்தேன், லேசாக மாறித்தான் இருந்தது. எதிரே வருகிறவர்கள் லைட் அடித்து எரிச்சலைக் காட்டியதும்தான் இன்னொரு விஷயம் பிடிபட்டது. முன்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட்டும் மேலே ஏறியிருந்தது, அதையும் இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

இரண்டு முறை டயர் ரொட்டேஷன் ஆகிவிட்டது. புது டயரில் மேடுபள்ளம் இல்லை. ஷாக்கில் ஈரமும் இல்லை. மேலே லேசாக எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வழிந்து தூசியோடு சேர்ந்து கறுப்பாகக் கட்டினால்தான் கசிவு.

ஏமாற்றியது மேல் மவுண்ட்தான். ஒரு கம்பெனியின் மலிவான மவுண்ட், ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் "டங்" என்று ஸ்பிரிங் தாவும் சத்தம். பேரிங் இறுகிவிட்டதால் ஸ்பிரிங் சுழலாமல் முறுகி, பிறகு பட்டென்று விடுபடுகிறது. அதை மாற்ற ஸ்ட்ரட்டை மறுபடி இறக்கி, கம்ப்ரஸர், அலைன்மென்ட் எல்லாம் முதலிலிருந்து. எங்கே மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், மவுண்டில் மட்டும் பிடிக்காதீர்கள். இப்போது ஒரிஜினல் மவுண்ட் ஓடுகிறது, சத்தம் இல்லை.

பின்பக்கம் இன்னும் மாற்றவில்லை. இதில் பின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி, டிக்கி ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்றினால் மேல் நட்டு கைக்கு வந்துவிடும். முன்பக்கம் அடங்கியதால் பின்பக்கத்தின் ஆட்டம் இப்போது தனியாகத் தெரிகிறது, மேல் புஷ்ஷில் லேசான தட்டல் வேறு கேட்கிறது. அடுத்த சர்வீஸில் அதற்கும் ஒரு ஜோடி சொல்லி வைத்திருக்கிறேன்.