கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தால் தலையில் ஷாக்: செர்ட்ராலினோடு 3 வருடம்

நான் சிங்கப்பூரில் பிரைம் மூவர் ஓட்டுகிறேன், அதாவது கன்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் லாரி. துவாஸ் துறைமுகத்தில் 40 அடி கன்டெய்னரை ஏற்றி ஜூரோங், செனோக்கோ பக்கம் கிடங்குகளில் இறக்குவது, காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டு போய் விடுவது, இதுதான் பிழைப்பு. மன அழுத்தத்துக்குச் செர்ட்ராலின் என்ற மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இதைச் செய்கிறேன், 3 வருடம் ஆகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு லாரி ஓட்டலாமா என்று கேட்பவர்களிடம் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனையாவது வாரம் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சொல்லப்போனால், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ஓட்டியதுதான் பயங்கரம். ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நான் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், தாண்டியதே தெரியவில்லை, பின்னால் முழுப் பெட்டி. மனைவி பலதுறை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் கொடுத்தது மிர்ட்டாஸபின் 15 மில்லிகிராம், ராத்திரிக்கு. தூக்கமில்லை, பசியில்லை என்று மட்டும் சொன்னேன், காலை 5 மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவன் என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். 11 மணிக்குப் போட்டுப் படுத்தேன், 4 மணிக்கு எழுந்தால் தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. தூக்கம் வந்தால் வண்டி ஓட்டாதே என்று மருந்துப் பையிலேயே எழுதியிருந்தது. கேபினில் ஏறி உட்கார்ந்தவன் சாவியைத் திருப்பாமல் இறங்கி எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தேன். அன்றைய டிரிப் காசு போனது, போகட்டும். இங்கே சட்டமும் அப்படித்தான், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு ஒரு மருந்து நம்மை ஆட்டிவைத்தால், டாக்டர் கொடுத்தது என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள்.

மறுபடி போய் வேலை நேரத்தை மணி வாரியாகச் சொன்னதும் டாக்டர் செர்ட்ராலினுக்கு மாற்றினார். முதல் வாரம் 25 மில்லிகிராம், அப்புறம் 50, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. தொடங்கியதும் சில நாள் ஓட்டாதே என்றார், கேட்டுக்கொண்டேன். தூக்கக் கலக்கம் எனக்கு வரவில்லை, ஆனால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் 2 வாரம் பாடாய்ப்படுத்தின. துறைமுக வரிசையில் முன்னால் பின்னால் டிரெய்லர்கள் நிற்கும்போது வயிறு கலக்கினால் எங்கே ஓடுவது? காப்பிக்கடையில் பரோட்டாவைத் தள்ளி வைத்ததைப் பார்த்து ஓர் அண்ணன், "என்ன தம்பி, மசக்கையா?" என்றார். சிரித்து வைத்தேன்.

பலன் உடனே தெரியாது. ஐந்தாவது வாரம் ஒலி 96.8 வானொலியில் ஏதோ பழைய பாட்டு போக, கூடவே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினேன். எத்தனை மாதம் கழித்து! பிறகு 100 வரை ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை அளவு ஏறும்போதும் முதல் சில நாளை விடுப்பில் விழும்படி வைத்துக்கொண்டேன்.

இனி தலைப்பில் சொன்ன சமாசாரம். பினாங்கில் மச்சான் மகள் கல்யாணம், மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டேன், 3 நாள் போடவில்லை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகும். திங்கட்கிழமை யார்டில் பின்னால் எடுக்கும்போது கண்ணை இடதுபக்கக் கண்ணாடிக்குத் திருப்பினேன், மண்டைக்குள் மின்சாரம் சுண்டியது. வலதுபக்கம் பார்த்தேன், மறுபடி. லாரிக்காரன் பொழுதுக்கும் செய்கிற வேலையே கண்ணாடி பார்ப்பதுதானே! மாத்திரை திடீரென்று நின்றதன் விளைவு அது. அப்படியே நிறுத்தி இறங்கிவிட்டேன். இப்போது பர்ஸில் எப்போதும் 5 மாத்திரை இருக்கிறது. விட்டதைச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது என்றும் டாக்டர் கண்டித்தார்.

சளி இருமலுக்குக் கடையில் வாங்குவதும் ஜாக்கிரதை. சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இதோடு ஒத்துப்போகாது, சளி மாத்திரைகள் பலதும் தூக்கம் வேறு கொடுக்கும். மருந்தாளரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்குகிறேன். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2 மாதம் மறைத்தேன், மனைவி வேறு என்னவோ நினைத்துவிட்டாள். டாக்டர் அலட்டிக்கொள்ளாமல் சகஜமாகப் பேசினார்.

செலவு பெரிதில்லை, கடுமையான மன அழுத்தம் நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இருப்பதால் மெடிசேவில் (நம் சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்குச் சேரும் சேமிப்புக் கணக்கு) கழித்துக்கொள்கிறார்கள், 15 விழுக்காடு கையிலிருந்து.

முதலாளிக்குச் சொல்லலாமா? முன்பு இருந்த நிறுவனத்தில் சொன்னேன், ஒரே மாதத்தில் நல்ல டிரிப் எல்லாம் வேறு ஆளுக்குப் போனது. மனநலத்தைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது, ஆனால் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. எங்கள் தொழிலில் பாதிப் பேர் அந்த மாதிரிச் சின்ன நிறுவனங்களில்தானே இருக்கிறோம். இப்போதைய இடத்தில் டிஸ்பாட்ச் பார்க்கிற, அதாவது டிரிப் பிரித்துக் கொடுக்கிற அண்ணனுக்கு மட்டும் தெரியும், அவர் எனக்கு ராத்திரி ஷிப்ட் போடுவதில்லை.

போன மாதம் 100இலிருந்து 75க்கு இறக்கினார்கள். முதல் வாரம் யார்டுக்குள் மட்டும் ஓட்டினேன், தினமும் கிளம்புவதற்கு முன் நிறுத்திய வண்டியிலேயே இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டேன். ஷாக் அடிக்கவில்லை. அடுத்து 50, ஆனால் அது சீனப் புத்தாண்டு நெரிசல் முடிந்த பிறகுதான்.